தெருக்குத்து வீட்டு ஏத்தம்

முதலில் ஒரு சிரிப்பு. பிறகு வளையல் கைகள் தகரத்தில் படும் ஓசை. பிறகு ஒரு குரல்.

"ம்… தள்ளு… இன்னுங் கொஞ்சம். எழிலு, நீ தள்றியா, இல்ல சாஞ்சுக்கிட்டு நிக்கிறியா?"

மறுபடி சிரிப்பு. சரளையில் டயர் நெரியும் சத்தம். ஒரு இருமல், ரெண்டு இருமல். அப்புறம் பூமியே தொண்டையைச் செருமிக் காறித் துப்புவதுபோல் ஒரு முழக்கம். டுடுடுடு.

கண்ணைத் திறக்காமலே எனக்கு மணி தெரியும். எட்டரை. நான் படுத்து இருபது நிமிஷம்.

ராத்திரி பத்து மணிக்குத் தெருவில் ஒருத்தன் ஹாரன் அடித்தால் அவனை உதைக்கப் பத்துப் பேர் வருவார்கள். காலை பத்து மணிக்கு ஒருத்தன் தூங்கினால் அவனைத்தான் உதைப்பார்கள். இதுதான் இந்த நாட்டு நீதி. நான் பதினாறு வருஷமாகக் காரைக்கால் மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் ஒரு ஐஸ் கம்பெனியில் ராத்திரி ஷிப்ட் பார்க்கிறேன். நீங்கள் சாப்பிட்ட வஞ்சிரம் நாறவில்லை என்றால் அதற்குக் காரணம் நான். அம்மோனியா நெடியில் விடிய விடிய உட்கார்ந்துவிட்டு ஏழு மணிக்கு விழிதியூர் வந்து சேர்கிறேன். விழிதியூர். ஊர்ப் பெயரிலேயே விழி இருக்கிறது. மூடுவதற்குத் தோதான ஊர் இல்லை.

மீன்காரி கத்துவாள், பொறுத்துக்கொண்டேன். சிலிண்டர்காரன் ஸ்பேனரால் சிலிண்டரைத் தட்டுவான், பொறுத்துக்கொண்டேன். ஆடி மாதம் முழுக்க ஒலிபெருக்கி என் ஜன்னலைப் பார்த்தே கட்டப்பட்டிருக்கும், அம்மனுக்குப் பயந்து பொறுத்துக்கொண்டேன். ஆனால் என் பெண்டாட்டியே ஒரு டிராக்டரைக் கொண்டுவந்து என் தலைமாட்டில் நிறுத்துவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அவள் பெயர் கல்யாணசுந்தரி. பெயரின் முதல் பாதி நான் செய்தது. பலனை அனுபவிக்கிறேன்.

ஊரில் மகளிர் குழுவுக்குத் தலைவி. குழுவில் பேசி, அம்பகரத்தூர் மெக்கானிக் காஜா மைதீன் பாய் மூலமாக ஒரு பழைய மினி டிராக்டரைப் பிடித்தார்கள். சின்ன வயல், குறுகின வரப்பு, பெரிய வண்டி இறங்காத இடமெல்லாம் இது இறங்கி உழும். ஓட்டுவது சுந்தரியேதான். நல்ல வண்டி. இரண்டே குறை. செல்ப் எடுக்காது, அதாவது சாவியைத் திருகினால் ஸ்டார்ட் ஆகாது, யாராவது தள்ளித்தான் உயிர் வரவைக்க வேண்டும். இன்னொன்று, ஹேண்ட் பிரேக் கிடையாது. மூன்றாவது குறையை யாரும் குறையாகவே மதிக்கவில்லை. அது நிற்கிற இடம் என் படுக்கையறை ஜன்னலுக்கு நேர் கீழே.

நேர் கீழே என்று ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் வீடு உயரத்தில் இருக்கிறது. ஒரு வெள்ளத்தில் பழைய வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து, கட்டிலில் உட்கார்ந்தபடியே கால் கழுவினோம். புது வீடு கட்டும்போது நாலரை அடிக்கு மண்ணடித்து அதன்மேல் கட்டியே தீரவேண்டும் என்றாள். கட்டினோம். தெருவிலிருந்து ஏழு படி ஏறினால்தான் வாசல். போதாததற்கு அது தெருக்குத்து வீடு. தெரு நேராக வந்து எங்கள் வாசலில் முட்டி நிற்கும். தெருக்குத்துக்கு ஆகாதென்று படிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பிள்ளையார் வைத்திருக்கிறோம். அவர் தெருவைத் தடுத்தார். டிராக்டரைத் தடுக்கவில்லை.

அன்றைக்கு எழுந்து போய்ச் சண்டை போட்டேன். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு போட்ட சண்டை.

"சுந்தரி, அந்தச் சனியனக் கொண்டு போயி தங்கப்பன் அண்ணன் களத்துல விடு."

"எந்தச் சனியன?"

"டிராக்டர."

"திருநள்ளாத்துக்குப் பக்கத்துல இருந்துக்கிட்டு அந்தப் பேர இப்புடி இழுக்காதீங்க. அவரு காதுல விழுந்துடப் போவுது."

"விழட்டும். அவருக்காவது காது இருக்கட்டும். இந்த வீட்டுல யாருக்கும் இல்ல."

"ஏங்க, களத்துல விட்டா டீசல உறிஞ்சிட்டுப் போயிடுவாங்க. தெருவுல நின்னாலும் அதே பயந்தான். அதான் மேல வாசலுக்கே ஏத்திடலாமான்னு பாக்குறேன்."

"மேலயா? என் தலைமாட்டுலயா?"

"தலைமாட்டுல இல்லங்க. ஜன்னலுக்கு அந்தாண்ட."

எனக்குத் தலைக்கு ஏறியது ரத்தமா அம்மோனியாவா தெரியவில்லை. ஒரு பெரிய கூச்சலுக்காக வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் பேசிக்கொண்டே போனாள்.

"படிக்குப் பக்கத்துல மண்ணடிச்சு ஒரு சரிவு போட்டா வண்டி ஏறிடும். நீங்கதான் எல்லாம் படிச்சு வச்சிருக்கீங்களே, நீங்களே போட்டுக் குடுங்க. ஆனா ஒண்ணு. ரொம்ப ஏத்தமா மட்டும் போட்டுடாதீங்க. ஏத்தமா இருந்தா வண்டி மேல வராது. அப்பறம் களத்துலதான் கொண்டு போயி விடணும்."

திறந்த வாயை மூடினேன். பதினாறு வருஷ ராத்திரி முழிப்பில் எனக்கு எட்டாத ஞானம் அந்த ஒரு கணத்தில் எட்டியது. எங்கள் பக்கம் ஏத்தம் என்றால் மேடு. திமிருக்கும் அதுதான் பெயர். எனக்கு இரண்டும் சேர்ந்து உதித்தன.

"நானே போடுறேன்," என்றேன். "ஆனா பேச்சு சுத்தமா இருக்கணும். ஏறலன்னா வண்டி களத்துக்குப் போயிடணும்."

"போயிடும்."

"திரும்பி வரக்கூடாது."

"வராது. ஏறிடுச்சுன்னா?"

"ஏறிடுச்சுன்னா இங்கயே நிக்கட்டும். நான் அதப் பத்தி ஒரு வார்த்த பேச மாட்டேன்."

"பேசாம இருந்தா போதாது. கூடமாட ஒத்தாசையும் பண்ணணும்."

"பண்றேன், பண்றேன்." ஏறவே போகாத வண்டிக்கு ஒத்தாசை செய்வதில் எனக்கென்ன நஷ்டம்.

ஐஸ் கட்டி தானாக உறையும். நான் பக்கத்தில் உட்கார்ந்து போனில் பாடம் படிப்பேன். அப்படித்தான் மின்சாரம் படித்தேன், ஜோசியம் படித்தேன், பாதி பிரெஞ்சு படித்தேன். அந்த வாரம் சரிவு படித்தேன். ஒரு அடி உயரத்துக்கு எட்டடி நீளம் விட வேண்டுமாம். அப்போதுதான் வண்டி வாகனம் பதவிசாக ஏறும். எங்கள் நாலரை அடிக்கு முப்பத்தாறு அடி நீளம். நான் பத்தடி என்று முடிவு கட்டினேன். வாசற்படிக்கும் தெருவுக்கும் நடுவே ஒரு சுவரைச் சாய்த்து வைத்ததுபோல் இருக்கும். ஆடு ஏறலாம். அதுவும் நல்ல ஆடாக இருக்க வேண்டும்.

காரைக்கால்காரனுக்கு மேடு என்றால் அரசலாற்றுப் பாலம், அதோடு சரி. மலையெல்லாம் காலண்டரில் பார்ப்பதுதான். மற்றபடி ஊர் மொத்தமும் தோசைக்கல். உருட்டிவிட்ட கோலிக்குண்டு எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நிற்கும். ஆகையால் மேட்டைப் பற்றி இந்த ஊரில் என்னைவிடத் தெரிந்தவர் யாரும் இல்லை என்று நான் நம்பியதில் தப்பில்லை.

திட்டத்தை ஒரே ஒருவரிடம் சொன்னேன். களத்துக்காரர் தங்கப்பன் அண்ணன். நெல் மூட்டை ஏற்ற லோடு ஆட்டோ வைத்திருக்கிறவர். டீக்கடை பெஞ்சில் தலையைக் கிட்டத்தில் கொண்டுபோய்ச் சொன்னேன்.

"செல்ப் எடுக்காத வண்டிண்ணே. சமதரையிலயே நாலு பொம்பளைங்க தள்ள வேண்டியிருக்கு. இந்த ஏத்தத்துல எப்புடித் தள்ளுவாங்க? ஒண்ணு ஏறாது. தப்பித் தவறி ஏறினாலும் காலையில கெளம்பாது."

அவர் டீயை வாயிலேயே வைத்திருந்து மெதுவாக விழுங்கினார்.

"தம்பி, இது உன் வீட்டம்மாவுக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"அதுக்குத் தெரியாதது ஒண்ணே ஒண்ணுதான்னு நெனச்சிருந்தேன்."

"என்னாண்ணே?"

"அலுப்பு."

வேலை ஒன்பது நாள். மண் கொண்டுவர வேறு வண்டி கிடையாது. அதே டிராக்டர்தான். பின்னால் டிரெய்லர் மாட்டிச் சவுட்டு மண் அடித்தது அது. டிரெய்லரைக் கழற்றிப் பலகை மாட்டி மண்ணை இழுத்துப் பரப்பியதும் அது. ஓட்டியது சுந்தரி. அணைத்தால் மறுபடி தள்ள வேண்டும் என்பதால் அணைப்பதே இல்லை. டீ குடிக்கும்போதும் ஓடியது. நான் சாப்பிடும்போது என் இலைக்கு எதிரே நின்று ஓடியது. பகலெல்லாம் மண், ராத்திரியெல்லாம் ஐஸ். தூக்கத்தைக் காப்பாற்றுவதற்காக ஒன்பது நாள் தூக்கத்தைத் தொலைத்த ஒரே மனிதன் நான்தான். ஐந்தாம் நாள் ஐஸ் கம்பெனியில் நின்றபடியே தூங்கி, ஒரு ஐஸ் பாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தேனாம். "வீட்டு ஞாபகமா?" என்று கேட்டார்கள். எங்கள் வீட்டில் அவ்வளவு குளிர்ச்சி ஏது.

ஓரத்துச் சாக்கடைக்குச் சிமெண்ட் குழாய் புதைத்தேன். மண்மேல் இடித்த செங்கல், காரைக் கட்டி எல்லாம் கொட்டித் திம்சுக்கட்டையால் குத்தினேன். ஒவ்வொரு குத்தும் யாரோ ஒருவர் தலையில் விழுவதாக நினைத்துக் குத்தினேன். தரை பாறையாகிவிட்டது. சுந்தரி தினமும் வந்து தினமும் அதையே சொன்னாள்.

"ஏங்க, ரொம்பச் செங்குத்தா தெரியுதே."

"கீழேர்ந்து பாக்குற. அதான்."

ஏழு படி ஏறி மேலே போய் நின்று பார்த்தாள். "இங்கேர்ந்து பாத்தாலும் அப்புடித்தான் இருக்கு."

"நின்னுக்கிட்டுப் பாக்குற. வண்டியில உக்காந்து பாத்தா தெரியாது."

"இன்னும் நாலடி நீட்டிடலாமா?"

"நீட்டினா மழத்தண்ணி தங்கும். மண்ணு ஊறும். இதெல்லாம் இன்ஜினியரிங், சுந்தரி."

"ஓ," என்றாள். கொஞ்ச நேரம் சரிவையே பார்த்தாள். "நீங்க சொன்னா சரிதான்."

அந்த இடத்திலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷத்தில் இந்த வாக்கியத்தை அவள் சொன்னது இதோடு இரண்டாம் தடவை. முதல் தடவை சொன்னதற்கு மறுநாள்தான் அவள் தம்பி எங்கள் வீட்டில் நாலு நாள் தங்க வந்து ஆறு மாதம் இருந்தான். தூக்கமில்லாத மூளைக்கு அதெல்லாம் உறைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் வெள்ளோட்டம். பிள்ளையாருக்குக் கற்பூரம். டயருக்கு எலுமிச்சம்பழம். மகளிர் குழு எழில்மதி, சிவப்ரியா என்று வரிசையாக நின்றது. தங்கப்பன் அண்ணன் லோடு ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டு வந்தார். காஜா மைதீன் பாயும் அம்பகரத்தூரிலிருந்து வந்திருந்தார். நான் முகத்தை இழவு வீட்டுக்குப் போகிறவன்போல் வைத்துக்கொண்டேன். உள்ளே மேளம்.

சுந்தரி கியரைப் போட்டாள். வண்டி உறுமிக்கொண்டு வந்தது. முன்சக்கரம் சரிவில் ஏறியது. மூன்றடி. நாலடி. அப்புறம் முன்சக்கரம் இரண்டும் தரையை விட்டுக் கிளம்பின. கும்பிடு போடும் யானைபோல் மூஞ்சியைத் தூக்கியது வண்டி. பெண்கள் கூவினார்கள். சுந்தரி மெதுவாகக் கீழே விட்டாள்.

"அடப் பாவமே," என்றேன். "நீ சொன்ன மாதிரியே ஆயிடுச்சு பாரு. ஏத்தம் கொஞ்சம் கூடிப்போச்சு. சரி, தங்கப்பண்ணே, களத்துல எந்த மூலைன்னு காட்டுங்க."

தங்கப்பன் அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. காஜா மைதீன் பாயைப் பார்த்தார். பாய் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்.

"தங்கச்சி, திருப்பிக்க."

சுந்தரி வண்டியைத் திருப்பினாள். முதுகை எங்கள் வீட்டுக்குக் காட்டி நிறுத்தினாள். ரிவர்ஸ் கியர் போட்டாள். கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தபடி, ஏதோ புடவைக் கடையில் இன்னொரு சேலையை எடுக்கச் சொல்பவள்போல் நிதானமாக ஓட்டினாள். அந்தச் சனி… அந்த வாகனம் பின்பக்கமாகவே ஏறியது. பத்தடியையும் ஏறியது. என் ஜன்னலுக்கு நாலடி தள்ளி நின்றது.

"டிராக்டருக்கு மேட்டுல பின்னாடிதான் பலம், மச்சான்," என்று பாய் எனக்கு விளக்கினார். நான் படித்த பாடத்தில் இது இல்லை. நான் பார்க்காத வீடியோவில் இருந்திருக்கும்.

சிவப்ரியா ஒரு கருங்கல்லைக் கொண்டுவந்து முன்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தாள். எல்லோரும் சுண்டல் சாப்பிட்டார்கள். எனக்கும் கொடுத்தார்கள். மென்றேன்.

ஆனாலும் எனக்கு ஒரு நம்பிக்கை பாக்கி இருந்தது. மேலே ஏறியாயிற்று. காலையில் எப்படிக் கிளம்பும்? செல்ப் எடுக்காது. அந்த உச்சியில் வண்டிக்குப் பின்னால் நாலு பேர் நின்று தள்ள இடம் கிடையாது. நாலு நாள் கிளம்பாமல் நின்றால் தானாகக் களத்துக்குப் போய்விடும். அன்று ராத்திரி ஷிப்ட் எனக்கு ஐந்து நிமிஷத்தில் ஓடியது.

சனிக்கிழமை காலை வந்து, குளித்து, பழையது சாப்பிட்டேன். சுந்தரி ஒரு முறம் சின்ன வெங்காயத்தைக் கொண்டுவந்து வைத்தாள். "இத உரிச்சிட்டுப் படுங்க. சாம்பாருக்கு வேணும்." மறுக்கவில்லை. வேடிக்கை பார்க்க வாசல்தான் நல்ல இடம். மேல்படியில் உட்கார்ந்து உரித்தேன். எட்டரை ஆயிற்று. சிரிப்பு வரவில்லை. வளையல் வரவில்லை. தெரு காலியாக இருந்தது. சுந்தரி தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்து வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

நான் தேனாகக் கேட்டேன். "சுந்தரி, யாரையும் காணுமே. எப்புடித் தள்ளுவ?"

"தள்ள வேணாங்க."

"பின்ன எப்புடி ஸ்டார்ட் ஆவும்?"

"ரெண்டாவது கியர்ல போட்டு எறக்கத்துல விட்டா அதுவா ஆயிட்டுப் போவுது."

கையிலிருந்த வெங்காயம் முறத்தில் விழுந்தது. "எந்த எறக்கம்?"

"நீங்க கட்டினதுதான்."

"நான் கட்டினது ஏத்தம்."

"மேலேர்ந்து பாத்தா அது எறக்கங்க."

பார்த்தேன். முதல் தடவையாக மேலிருந்து பார்த்தேன். வண்டியின் மூக்கு கீழே தெருவைப் பார்த்து நின்றது. தெருக்குத்து வீடு. எதிரே அம்பு விட்டதுபோல் நேர்த் தெரு. குறுக்கே ஒரு கோழிகூட இல்லை. ஒன்பது நாள் நான் கீழே நின்று அண்ணாந்தே பார்த்திருக்கிறேன். அவள் அன்றைக்கே மேலே ஏறி நின்று பார்த்தாள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"காஜா பாய் சொன்னாரு. நீட்டிப் போட்டா வண்டி உருளாது, நடுவுலயே நின்னுடும், நல்லா ஏத்தமா போட்டாத்தான் ஒரே பிடியில ஸ்டார்ட் ஆவும்ன்னு."

"அப்பறம் ஏத்தமா போடாதீங்க, போடாதீங்கன்னு ஏன்டி ஒம்போது நாளும் சொன்ன?"

"போடுங்கன்னு சொல்லியிருந்தா போட்டிருப்பீங்களா?"

நேர்மையாக யோசித்துப் பார்த்தேன். நாற்பதடி நீட்டியிருப்பேன். எங்கள் ஊர்ப் பேச்சில் இறக்கத்துக்கும் இரக்கத்துக்கும் ஒரே சத்தம்தான். அவளிடம் முன்னது மட்டும் இருந்தது.

"சரி, நேரமாவுது. வந்து கல்ல எடுங்க."

"எந்தக் கல்லு?"

"சக்கரத்துக்கு முட்டுக் குடுத்திருக்குல்ல. ஹேண்ட் பிரேக் இல்லாத வண்டி. நான் கால் பிரேக்க மிதிச்சிக்கிட்டு உக்காந்திருப்பேன், கீழ ஒரு ஆளு கல்ல எடுத்து விடணும். ஒத்தாசை பண்றேன்னீங்களே."

"தெனமுமா?"

"தெனமுந்தானே உழவு. எட்டரைக்கு ஒரு நிமிஷ வேல. எடுத்து விட்டுட்டுப் போயிப் படுத்துக்கங்க."

"எழில்மதி, சிவப்ரியா எல்லாம் என்னா ஆனாங்க?"

"அவங்கள வர வேணாம்னுட்டேன்," என்றாள் கல்யாணசுந்தரி. "அவங்க போடுற சத்தத்துல உங்க தூக்கம் கெடுதுன்னு அன்னிக்கு எவ்வளவு கோவப்பட்டீங்க. பாவம்ல நீங்க."

இறங்கிப்போய்க் குனிந்தேன். கல்லை எடுத்தேன். வண்டி ஒரு சத்தமும் இல்லாமல் உருண்டது. அவ்வளவு அமைதியாக அது என்னைக் கடந்து போனதை என்னால் தாங்க முடியவில்லை. தெருவைத் தொட்டதும் ஒரே இருமல், உயிர் வந்துவிட்டது. அவள் திரும்பிப் பார்க்காமல் ஒரு கையை மட்டும் தூக்கிக் காட்டிவிட்டுப் போனாள்.

கல்லைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. தங்கப்பன் அண்ணன் நடந்து வந்தார். மனிதர் முகத்தில் கொஞ்சம் கூச்சம் இருந்தது.

"தம்பி, நம்ம லோடு ஆட்டோவும் ரெண்டு நாளா செல்ப் எடுக்கல, தள்ளித்தான் கெளப்புறேன். உங்க வீட்டம்மாகிட்ட கேட்டேன். சாயந்திரம் மேல ஏத்தி விட்டுக்கச் சொன்னுச்சு. டிராக்டருக்குப் பக்கத்துல எடம் இருக்காம்."

"சரிண்ணே."

"எனக்கு ஏழேகாலுக்குக் கெளம்பணும். நீ ஏழு மணிக்கே வந்துடுவியாமே."

கல்லைப் பிள்ளையாருக்குப் பக்கத்தில் வைத்தேன். படியேறிப்போய் முறத்தை இழுத்து மடியோரம் வைத்துக்கொண்டேன். வெங்காயம் இன்னும் பாதி இருந்தது.